நோட்டு அழகாக இருந்தது, பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை

அந்தப் பையன் அப்போது நான்காம் வகுப்பு. கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். பள்ளியைப் பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால் நாங்கள் முதலில் எடுத்து வைக்கிற நோட்டு அவனுடையதுதான். ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் எழுதியிருந்த பாட்டின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்னன்னு படி கண்ணு" என்றேன். அவன் அந்தச் சொல்லைப் பார்க்கவே இல்லை. மேலே பாட்டின் முதல் வரிக்குப் போனான். உதட்டுக்குள் பாட்டைச் சொல்லிக்கொண்டே, விரலைச் சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டு கீழே இறங்கி வந்தான். என் விரல் இருந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து "வாழைமரம்" என்றான். சரியான விடை. அதே சொல்லை ஒரு காகிதத்தில் தனியாக எழுதிக் காட்டினேன். அவனுக்குத் தெரியவில்லை. 'மரம்' மட்டும் எழுதினேன். அதுவும் தெரியவில்லை.

முதல் வகுப்பிலிருந்து அவன் எங்கள் பள்ளியில்தான் படித்தான். அவனுடைய நோட்டுகளில் மாதாமாதம் பச்சை மையில் என் கையெழுத்து இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பத்து வருடம் தலைமையாசிரியராக இருந்துவிட்டு 2024இல் ஓய்வு பெற்றேன். புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர்கள் சிலர், வாசிப்பு விஷயத்தில் என்ன செய்தீர்கள் டீச்சர் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் படிப்பதைக் கேட்க ஆரம்பித்தேன். மற்ற எல்லாமே அதிலிருந்து கிளம்பியவைதான்.

அந்த வாரமே வராந்தாவில் ஒரு பாய் போட்டேன். இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கையில் ஒரே ஒரு தாள். மேலே சில எழுத்துகள், அதன் கீழே சில சொற்கள், அப்புறம் நாலு எளிய வரி, கடைசியில் ஒரு குட்டிக் கதை. பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிகிறதா என்று வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற ஏசர் ஆய்வுக்காரர்கள் ஊர் ஊராக எடுத்துப் போகிற தாளின் அமைப்புதான் அது. கதையைப் படிக்க முடியாவிட்டால் வரிகள், அதுவும் முடியாவிட்டால் சொற்கள் என்று பிள்ளை நிற்கிற இடம் வரை ஒவ்வொரு படியாக இறங்கி வருவோம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். எங்கள் பள்ளியில் எல்லோரையும் கேட்டு முடிக்க இரண்டு வாரம் ஆனது. கூடப் படிக்கிற பிள்ளைகள் முன்னால் இதைச் செய்யவே கூடாது. தெரியாத பிள்ளை நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் ஊமையாகிவிடும். தெரிந்த எழுத்தும் அப்போது வாயில் வராது.

பாயில் உட்கார்ந்து கேட்டபோதுதான் பல விஷயங்கள் புரிந்தன. 'படிக்க மாட்டேன் என்கிறான்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு பிள்ளையும் நிற்கிற இடம் வேறு. ஒரு பெண் 'பாட்டி' என்பதை 'பரட்டி' என்று படித்தாள். துணைக்காலும் 'ர'வும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. யோசித்துப் பார்த்தால் அவள் மேல் தப்பே இல்லை, அடியில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். அவளே 'கொடி'யை 'கெரடி' என்றாள். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. மூன்றையும் சேர்த்து ஒரே ஒலி என்று யாரும் அவளுக்கு நிதானமாகச் சொல்லித் தரவில்லை. இடமிருந்து வலமாக வருகிற வரிசையில் அவள் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறாள்.

உகர வரிசையில்தான் தடுமாறுகிற கூட்டம் அதிகம். கு, சு, டு, து, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து சுழி மாறுகிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் தனி வடிவங்கள் போய்விட்டன. பிள்ளைகளுக்கு அது பெரிய புண்ணியம். உகரமும் ஊகாரமும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. அதனால் மற்ற வரிசைகளுக்கு ஒரு வாரம் என்றால் இந்த இரண்டுக்கும் மூன்று வாரம் கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். பாடத்திட்ட அட்டவணை பின்தங்குமே என்று பயந்தார்கள். பின்தங்கட்டும், கேட்டால் நான் பதில் சொல்கிறேன் என்றேன். தலைமையாசிரியர் சொல்ல வேண்டிய வாக்கியங்களில் இது ஒன்று.

இன்னொரு பிள்ளை, ஐந்தாம் வகுப்புப் பையன். எழுத்துக் கூட்டி 'வ-ரு-கி-றா-ர்-க-ள்' என்று பிழையில்லாமல் படித்தான். மறுபடி சேர்த்துச் சொல்லச் சொன்னேன், சொன்னான். அர்த்தம் கேட்டால் விழித்தான். "வராங்க" என்றேன். "ஓ, வராங்களா!" என்று சிரித்துவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து அவனாகவே திரும்பப் படித்தான். அவன் வீட்டில் யாரும் 'வருகிறார்கள்' என்று பேசுவதில்லை. எந்த வீட்டில்தான் பேசுகிறோம்? நம் பிள்ளைகள் பேசுகிற தமிழுக்கும் புத்தகத்தில் இருக்கிற தமிழுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஒன்றாம் வகுப்பிலேயே கதைகளைப் புத்தகத்தில் இருக்கிறபடி தினமும் வாசித்துக் காட்டினால், அந்த நடை காதில் ஏறிவிடும். கண்ணால் படிக்கிற காலம் வரும்போது அந்தச் சொல் அந்நியமாக இருக்காது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, கதை வாசித்துக் காட்டுவது நேரம் மிஞ்சினால் செய்கிற காரியம் என்ற எண்ணம் எங்கள் பள்ளியில் போய்விட்டது.

சரி, ஆசிரியர்களுக்கு வருகிறேன். யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்த தாள்களை வைத்துக்கொண்டு நான் முதலில் செய்த தவறு, கூட்டம் போட்டு வகுப்புவாரியாகக் கணக்கு வாசித்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்பு கேட்டேன். "இந்தத் தாள் எந்தக் கோப்புக்கும் போகாது, மேலே யாருக்கும் அனுப்ப மாட்டேன், நம் பீரோவில்தான் இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் கடைசி வரை காப்பாற்றினேன். தன் வகுப்பில் பத்துப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்று ஓர் ஆசிரியர் தைரியமாகச் சொல்ல முடிகிற பள்ளியில்தான் அந்தப் பத்துப் பேருக்கு ஏதாவது நடக்கும். பயந்தால் நோட்டு அழகாகிவிடும், அவ்வளவுதான்.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுக்க வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பாட அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டுகிற ஏணிப்படிப் படம், பிள்ளைகளோடு தரையில் உட்காருவது எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் வேகத்தில் போகலாம் என்பது எவ்வளவு பெரிய யோசனை! ஆனால் பார்க்க வந்தவர்களில் பலர் அட்டை அடுக்கியிருக்கிறதா, ஏணிப்படி சுவரில் இருக்கிறதா, தாழ்நிலைக் கரும்பலகையில் எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னவர் அபூர்வம். பிறகு நானே தலைமையாசிரியர் நாற்காலிக்கு வந்ததும் நோட்டையும் பாடக்குறிப்பையும்தான் பார்த்தேன்.

அதனால் வகுப்பைப் பார்வையிடுவதை மாற்றினேன். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுப்பதை விட்டேன். தரையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காருவேன். வகுப்பே கோரஸாகப் பாடம் சொல்லும்போது, பக்கத்துப் பிள்ளையின் வாய் அசைகிறதா, கண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். கோரஸில் பத்துப் பேர் சத்தமாகச் சொன்னால் மீதிப் பேர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். வெளியே வந்த பிறகு ஆசிரியரிடம் ஒரே ஒரு விஷயம்தான் பேசுவேன். "மூணாவது வரிசைப் பொண்ணு விரலை ஒரு வரி முன்னாடியே வெச்சிருந்தா டீச்சர், நாளைக்கு அவளைத் தனியா ஒருதரம் கேட்டுப் பாருங்க." பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மாறாது, ஒன்றைச் சொன்னால் அது மாறும்.

அடுத்தது நேரம். பள்ளியில் படிக்கச் சொல்லித் தருகிற நேரத்தை யார் தின்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். காலை வழிபாடு நீண்டுகொண்டே போனது. வருகைப் பதிவைக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற நெட் கிடைக்காமல் டீச்சர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். வாட்ஸ்ஆப்பில் 'உடனே அனுப்பவும்' என்று ஏதாவது ஒரு விவரம் கேட்டு வந்தது. அதற்காக நானே வகுப்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டேன். முதல் பாடவேளையில் பாதிக்கு மேல் இப்படியே போயிருந்தது.

அன்றிலிருந்து முதல் பாடவேளை வாசிப்புக்கு மட்டும்தான், வேறு எதற்காகவும் யாருக்கும் கிடையாது என்று வைத்தோம். வழிபாடு பத்து நிமிடம். பதிவை எனக்குத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் அலுவலக அறையிலிருந்து நான் ஏற்றிவிடுவேன். விவரம் கேட்டு வந்தால் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் பதில். ஒருமுறைகூட அதனால் எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வரவில்லை. 'உடனே' என்பது பல நேரம் எழுதுகிறவர்களின் பழக்கம், அவ்வளவே. பெற்றோர் வந்தாலும், ஊசி போடுகிறவர்கள் வந்தாலும் நான் வாசலில் நின்று பேசுவேன், வகுப்புக்குள் விட மாட்டேன். நாற்பது நிமிடம்தான். ஆனால் ஒருநாளும் தவறாத நாற்பது நிமிடம் ஒரு வருடத்தில் எவ்வளவு சேருகிறது என்று பாருங்கள்.

ஒன்றாம் வகுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பல பள்ளிகளில் புதிதாக வந்தவர், அல்லது உடம்பு முடியாதவர், அல்லது வேறு வகுப்பு எடுக்க விரும்பாதவர் கையில் ஒன்றாம் வகுப்பு போகும். கெட்டிக்கார ஆசிரியர் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார். ஜூன் மாதம் வகுப்பு ஒதுக்குகிற அந்த ஒரு தாளில் தலைமையாசிரியர் போடுகிற கையெழுத்து, வருடம் முழுக்கப் போடுகிற மற்ற கையெழுத்துகளைவிடக் கனமானது. எங்கள் பள்ளியில் கதை சொன்னால் ஆயாம்மாகூட வேலையை விட்டு வந்து நிற்கிற மாதிரி சொல்லும் டீச்சர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்து, அதே பிள்ளைகளோடு இரண்டாம் வகுப்புக்கும் போகச் சொன்னேன். முதலில் அவருக்கு மனத்தாங்கல்தான், தன்னை இறக்கிவிட்டதாக நினைத்தார். சமாதானப்படுத்த இரண்டு மாதம் ஆனது. இரண்டாவது வருடம் நான் கேட்காமலேயே, இதே மாதிரி இன்னொரு சுற்று போகிறேன் என்றார்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றாம் வகுப்பையே முழுதாக முடிக்காதவர்கள். 2022 ஜூனில் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கிற முறை எங்களுக்கு முன்பே பழகியிருந்ததால் சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தோம். 'அவ அரும்பு டீச்சர்' என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் சொல்ல ஆரம்பித்தார்கள். குழு என்பது பிள்ளையின் பெயராகிவிடக் கூடாது. அதனால் மாதம் ஒருமுறை நானே உட்கார்ந்து கேட்டு, யார் நகரலாம் என்று டீச்சரோடு பேசுவேன். வருடம் முழுக்க யாருமே நகராத குழு இருந்தால், பிரச்சினை பிள்ளையிடம் இல்லை என்று அர்த்தம்.

ஆறு, ஏழு, எட்டில் படிக்கத் தெரியாதவர்கள்தான் என்னை ரொம்ப வாட்டினார்கள். மீசை அரும்புகிற பையனிடம் 'அணில், ஆடு' புத்தகத்தைக் கொடுத்தால் அவன் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டான். அப்போது ஒரு வழி தோன்றியது. வெள்ளிக்கிழமை மதியம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்க் கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று வைத்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு என்பதால் புத்தகம் எளிதாகத்தான் இருக்கும், அதில் வெட்கம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தடுமாறக் கூடாது என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை அதே குட்டிக் கதையை அவன் திரும்பத் திரும்பப் படிப்பான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை வரியின் முடிவுக்கு வரும்போது ஆரம்பத்தை மறந்துவிடுகிறது. அதே பக்கத்தைப் பத்துத் தடவை படித்தால்தான் வேகம் வரும், வேகம் வந்தால்தான் பொருள் மனசில் நிற்கும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், யானைக் கதையை வியாழக்கிழமை சாயங்காலம் சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் காலியான அண்டாவைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுப் படத்தை அண்டா பக்கம் திருப்பிக் காட்டினான்.

புத்தகம் பற்றி. நான் பொறுப்பேற்றபோது, பிள்ளைகள் படிக்க அரசு கொடுத்த 'புத்தகப் பூங்கொத்து' கதைப் புத்தகங்கள் பீரோவில் இருந்தன, பீரோவில் பூட்டு இருந்தது, சாவி இருப்புப் பதிவேட்டோடு இருந்தது. தொலைந்தால் யார் கட்டுவது என்ற பயம் எல்லாத் தலைமையாசிரியருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. கடைசியில் ஆணைப் புத்தகத்தில் 'புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தலைமையாசிரியர் பொறுப்பு, வகுப்பாசிரியர் பொறுப்பல்ல' என்று எழுதி எல்லோரிடமும் சுற்றுக்கு விட்டேன். பேச்சில் சொல்வதைவிட எழுத்தில் தருவதற்குப் பலம் அதிகம். வகுப்பறையில் கொடிக்கயிறு கட்டித் துணி கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டோம். கிழிந்தன, ஒட்டினோம். சில தொலைந்தன. ஒரு மழைநாளில் ஒரு வீட்டுக்குப் போனபோது, தொலைந்துபோன புத்தகம் ஒன்று கூரை வாரையில் செருகியிருந்தது. அந்த வீட்டில் இருந்த ஒரே புத்தகம் அதுதான். கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் என்ன செய்யச் சொல்வது என்று ஆசிரியர்கள் திணறுவார்கள். பெற்றோரில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கும் கூலிக்கும் போகிறவர்கள். "எனக்கே கைநாட்டுதான், நான் எப்படிம்மா சொல்லித் தர்றது" என்று ஒரு தாய் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டார். "நீ சொல்லித் தர வேணாம்மா. ராத்திரி சோறு போட்டதும் பத்து நிமிஷம் பக்கத்துல உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லு. கேளு. புரியலன்னா 'அப்படின்னா என்னடா'ன்னு கேளு, அது போதும்" என்றேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே சொல்லித் தருகிற 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, தெருவிலேயே தன்னார்வலராக ஒரு பெண் கிடைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவர். அவரை வாரம் ஒருமுறை பள்ளிக்குக் கூப்பிட்டு, எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்பதை வகுப்பு டீச்சரோடு பேச வைத்தோம். பகலில் ஒன்று, சாயங்காலம் வேறொன்று என்று பிள்ளை குழம்பாமல் இருந்தது அதனால்தான்.

எல்லாம் கைகூடியது என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போவார்கள். மழை ஆரம்பிக்கிற நேரத்தில்தான் திரும்பி வருவார்கள். ஜூன், ஜூலையில் சேர்த்த எழுத்தெல்லாம் பிப்ரவரியில் கரைந்துவிடும். அவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முன்பணம் வாங்கியிருப்பார்கள். விடுதியில் சேர்க்கலாம் என்று இரண்டு வீடுகளில் பேசிப் பார்த்தேன், ஒரு வீடு ஒத்துக்கொண்டது.

'பரட்டி' என்று படித்த அந்தப் பெண் வீடும் சூளைக்குப் போகிற வீடுதான். மூன்றாம் வகுப்பு ஜனவரியில் மூட்டை கட்டினார்கள். அன்றைக்கு அவள் பையில் இரண்டு கதைப் புத்தகமும், அட்டையில் ஒட்டிய ஒரு தாளும் வைத்தேன். தாளில் இப்படி எழுதியிருந்தேன்: 'துணைக்கால் தெளிவு. ஒற்றைக்கொம்பு தெளிவு. கொ, கோ வரிசை இப்போதுதான் ஆரம்பம். உகரத்தில் டு, மு, ரு தடுமாற்றம். கூட்டி வாசிக்கிறாள், சத்தம் போட்டால் நின்றுவிடுவாள். எந்தப் பள்ளியில் உட்கார்ந்தாலும் இதைப் பார்க்கவும்.' கீழே பள்ளியின் பெயர் எழுதி, முத்திரை வைத்தேன். அவள் அம்மாவிடம், அங்கே எந்த டீச்சர் கிடைத்தாலும் இதைக் காட்டும்மா என்றேன்.

ஜூன் கடைசியில் வந்தாள். கறுத்து, இளைத்து, முடி செம்பட்டையாகி இருந்தாள். பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் செம்மண். என் எழுத்துக்குக் கீழே நீல மையில் வேறொரு கையெழுத்தில் மூன்று வரி இருந்தது: 'கொ, கோ முடிந்தது. மு, ரு சரி. டு இன்னும் பழக வேண்டும்.' பெயர் இல்லை, பள்ளி பெயரும் இல்லை. பாயை விரித்து அவளை உட்கார வைத்து, 'டு'விலிருந்து ஆரம்பித்தோம்.